'மாக்' என்றால் கேலியா, போலியா?

தேன்மொழி: எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 'மாக்' (mock) என்றால் கேலி செய்தல் என்று பலகையில் எழுதினேன். ஒரு பிள்ளை எழுந்து, "அப்போ மாக் டெஸ்ட்னா கேலித் தேர்வா டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்ததில் அவள் முகம் வாடிவிட்டது. கேள்வி நியாயமானது. ஒருவரைப் போலவே செய்து காட்டுவதுதான் இந்தச் சொல்லின் உயிர் என்று எனக்குப் படுகிறது.

கதிர்: ஒத்துக்கொள்ள முடியவில்லை டீச்சர். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோதே ஏளனம்தான் அதன் பொருள். போலச் செய்தல் பின்னால் சேர்ந்தது. மாக் டெஸ்ட்டை மாதிரித் தேர்வு என்றும் மாக் டிரில்லை ஒத்திகை என்றும் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டால் பிள்ளைகள் குழம்பும்.

தேன்மொழி: முடிச்சு நான் போட்டதில்லை. பைபிளில் மத்தேயு 27-ஐப் பாருங்கள். போர்ச்சேவகர் இயேசுவுக்குச் சிவப்பு அங்கி உடுத்தி, முள்முடி சூட்டி, கையில் கோலைக் கொடுத்து, முழங்கால்படியிட்டு, 'யூதருடைய ராஜாவே, வாழ்க' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அங்கே 'மாக்'தான். ராஜாவுக்குச் செய்வதை அப்படியே செய்கிறார்கள். அதுதானே நெஞ்சை அறுக்கிறது!

கதிர்: தமிழ் பைபிள் அதைப் 'பரியாசம்பண்ணி' என்று முடித்துவிடுகிறதே, யாருக்குப் புரியவில்லை? கலாத்தியர் 6:7-ல் 'தேவன் தம்மைப் பரியாசம்பண்ணவொட்டார்' என்று வருகிறது. அங்கேயும் ஆங்கிலத்தில் 'மாக்'தான், ஆனால் யாரும் யாரைப் போலவும் நடிக்கவில்லை.

மரகதம்: அப்போ அமெரிக்காவுல இருக்கிற மாக்கிங்பேர்ட்? மத்த பறவைங்க குரலை அப்படியே பாடும், யாரையும் ஏளனம் பண்ணாது. எங்க வீட்டுல 'பழிப்புக் காட்டுறது'ன்னு சொல்வோம். அக்கா கால் சுளுக்கி விந்தி நடந்தப்போ, தம்பி பின்னாலயே விந்தி விந்திப் போனான். "ஏன்டா பழிப்புக் காட்டுற?"ன்னு அம்மா கரண்டியோட வந்துட்டாங்க. அந்த ஒரு சொல்லுல ரெண்டும் இருக்கே.

கதிர்: நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பத்திரிகைகள் ஒரு திட்டத்தை 'மாக்' செய்தன என்றால், பழிப்புக் காட்டின என்று எழுதுவீர்களா? ஏளனம் செய்தன என்றுதான் வரும். 'டீஸ்' (tease) என்பதில் செல்லச் சீண்டலும் உண்டு. 'மாக்' பெரும்பாலும் ஆளைச் சிறுமைப்படுத்தும். பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

தேன்மொழி: திட்டத்துக்கு ஏளனம்தான் பொருந்தும், சரி. ஆனாலும் நான் பழிப்புக் காட்டுவதிலிருந்துதான் தொடங்குவேன். அங்கிருந்து மாக் டெஸ்ட்டுக்குப் போக வழி இருக்கிறது, ஏளனத்திலிருந்து இல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, நீ கேட்டது சரியான கேள்வி என்று வகுப்பு முன்னால் சொல்லப்போகிறேன்.