இன்சூரன்ஸ் பாலிசியைத் தமிழ்ல சொல்லும்போது சிங்க்ஹோலுக்கு, அதாவது அடியில பாறை கரைஞ்சு தரை உள்ள இறங்கற பள்ளத்துக்கு, புதைகுழி வேணாம், கரைகுழின்னு வைப்போமா?

> புதைகுழின்னு பேப்பர்லயே எழுதுறாங்களே, அதையே வச்சுக்கலாம்

வேணாம்ணா. புதைகுழின்னா சேத்துல கால் மாட்டுறதுதான் ஞாபகம் வரும், ஈழத்து ஆளுங்களுக்கு செம்மணி மனிதப் புதைகுழி ஞாபகம் வரும், அந்த வலிய இதுக்குள்ள இழுக்கக்கூடாது. இங்க ஒரு அக்கா சொன்ன 'தரை உள்வாங்கல்' நல்ல பேச்சுவழக்கு, சென்னையில குழாய் உடைஞ்சு ரோடு இறங்கினா அதத்தானே சொல்றோம். ஆனா இன்சூரன்ஸ்னு வந்தா அது பத்தாது.

நான் இருக்கறது ஃப்ளோரிடா, பாஸ்கோ கவுன்ட்டி. கீழ சுண்ணாம்புப் பாறை, மழைத்தண்ணி லேசா அமிலமாகி இறங்கி அதைக் கொஞ்சங்கொஞ்சமா கரைச்சுப் பொந்தாக்கிடும், மேல இருக்கற மணல் அதுக்குள்ள இறங்கும். 2013 பிப்ரவரியில இங்க பக்கத்துல செஃப்னர்ல தூங்கிட்டிருந்த ஒருத்தர் பெட்ரூமோட உள்ள போயிட்டார், உடம்பைக்கூட எடுக்க முடியல.

எங்க வீட்டுல அவ்வளவு இல்ல. பிளாக் சுவத்துல படிக்கட்டு மாதிரி விரிசல், காசு நுழையற அகலம், பாத்ரூம் கதவு சாத்தினா தானா திறந்துக்குது. க்ளெய்ம் போட்டேன், உங்க பாலிசியில 'கேடஸ்ட்ராஃபிக் கிரவுண்ட் கவர் கொலாப்ஸ்' மட்டும்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. இங்க சட்டப்படி அது எல்லா கம்பெனியும் குடுத்தாகணும், ஆனா மண்ணு திடீர்னு இடியணும், பள்ளம் வெறுங்கண்ணுக்குத் தெரியணும், அஸ்திவாரத்தோட கட்டடம் சேதமாகணும், வீடு லாயக்கில்ல காலி பண்ணுன்னு அரசாங்கம் உத்தரவு போடணும், இந்த நாலும் சேர்ந்தாத்தான் பணம். இடியாம மெல்ல இறங்கி சேதமாச்சுன்னா அதுக்கு 'சிங்க்ஹோல் லாஸ்' கவரேஜ் தனியா பிரீமியம் கட்டி வாங்கியிருக்கணும், அதுலயும் டிடக்டிபிள் 10 சதவீதம் வரைக்கும் போகும், 3 லட்சம் டாலருக்கு இன்சூர் பண்ணின வீடுன்னா முதல் 30 ஆயிரம் நம்ம கைக்காசு.

அதை வாங்கியிருந்தாலும் இஞ்சினியர் வந்து மண்ணுல துளை போட்டு தேடறது காரணத்தைத்தான். பாறை கரைஞ்சுதா, களிமண் சுருங்குச்சா, குழாய் ஒழுகுச்சா? சட்டத்துல சிங்க்ஹோலுக்கு விளக்கமே, கீழ இருக்கற பாறை நிலத்தடி நீர்ல கரைஞ்சு மேல மண்ணு இறங்கி உண்டான பள்ளம்னுதான் இருக்கு. அதான் 'கரைகுழி'ன்னு கேக்கறேன், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, காரணம் சொல்லுக்குள்ளயே உக்காந்திருக்கு. சிங்க்ஹோல் லாஸ் 'கரைகுழிச் சேதம்'. இன்னொண்ணுக்கு, அதான் அந்த 'கேடஸ்ட்ராஃபிக் கிரவுண்ட் கவர் கொலாப்ஸு'க்கு, 'பெருந்தரையிடிவு'ன்னு யோசிச்சேன், அதுல குழிங்கற சொல்லே வரக்கூடாது, வந்தா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு என்னை மாதிரி கையெழுத்து போட்டுடுவாங்க.

---

> பெருந்தரையிடிவு

தம்பி, கரைகுழி எனக்குப் பிடிச்சிருக்கு. கரைன்னா ஆத்தங்கரைன்னு கொஞ்சம் குழம்பும், ஆனா பக்கத்துல சுண்ணாம்புப் பாறைன்னு ஒரு வார்த்தை வந்தா தெளிஞ்சிடும். பெருந்தரைதான் இடறுது, பெரிய தரை இடிஞ்சதுன்னு படிக்கத் தோணுது. நீங்க சொன்ன நாலு கண்டிஷன்ல முதல்ல வர்றதே 'திடீர்'தானே, 'திடீர் தரையிடிவு'ன்னே வச்சிடுங்க, பாலிசியைப் படிச்சுக் காட்டும்போது எங்க அம்மாவுக்கும் புரியும்.