கசகசாச் செடியிலிருந்துதான் இன்னும் மார்ஃபின் எடுக்கிறார்களா?

செல்வி, திண்டுக்கல்:

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். போன மாதத்திலிருந்து வலிக்கு மார்ஃபின் மாத்திரை, 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒன்று. ராத்திரி முழுக்க முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தவர் இப்போது படுத்துத் தூங்குகிறார். ஆனால் அண்ணன், "அது அபின்தானே, கடைசிக் காலத்தில் அம்மாவைப் போதைக்கு அடிமையாக்கப் போறியா?" என்று சத்தம் போடுகிறான். குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும் அதே செடி என்கிறான். உண்மையா? விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த பிறகும் இதை ஏன் வயலில் விளைவிக்கிறார்கள்? அப்படியே ஆய்வகத்தில் செய்துவிட முடியாதா?

இலைச்சாறு:

செல்வி, ஒரே செடிதான். முப்பது வருடம் மருந்தியல் கல்லூரியில் மூலிகைப் பாடம் எடுத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு பிப்ரவரி மாதம் மாணவர்களை மத்தியப் பிரதேசம் மந்த்சௌர் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைப் பூ உதிர்ந்து, சின்ன எலுமிச்சை அளவுக்குப் பச்சைக் காய்கள் நின்றன. மதியத்துக்கு மேல் ஆட்கள் இறங்கி, மூன்று நாலு கூர்முனைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கருவியால் காயின் தோலை மேலோட்டமாகக் கீறிக்கொண்டே போனார்கள். ஆழமாகக் கீறினால் பால் உள்ளே இறங்கி விதை கெட்டுவிடும். கீறின இடத்தில் எருக்கம்பால் மாதிரி வெள்ளையாகக் கசிந்தது. மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் அது பழுப்பாக இறுகிக் காயில் ஒட்டியிருக்கிறது. அதை வழித்து எடுத்தால் அபின். ஒரு சொட்டு விடாமல் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், விளைச்சல் குறைந்தால் உரிமமே போய்விடும். கிளிகள் வேறு வந்து காயைக் கொத்தும், அதை விரட்டவே வீட்டுக்கு ஒருவர் வயலில் காவல்.

விதைக்குள் அந்தப் பால் ஓடும் குழாய் கிடையாது. காயை உடைக்கும்போது மேலே ஒட்டுகிற மிச்சம்தான் கசகசாவில் சேர்கிறது. குருமாவுக்கு அண்ணன் பயப்பட வேண்டாம்.

அபினை அப்படியே மருந்தாகக் கொடுத்த காலத்தில் ஒரு வயலின் அபினில் வீரியம் கூட, இன்னொன்றில் குறைவு. ஒருவருக்கு வலி போகாது, இன்னொருவருக்கு உயிரே போகும். இதைத் தீர்க்கத்தான் ஜெர்மனியில் செர்ட்யூர்னர் என்ற மருந்துக் கடை உதவியாளர், இருபது வயது தாண்டிய பையன், 1800களின் தொடக்கத்தில் அபினிலிருந்து ஒரு படிகத்தைப் பிரித்தார். அதுதான் மார்ஃபின். அதைத் தானும் விழுங்கி, மூன்று இளைஞர்களுக்கும் கொடுத்தார். அளவு மிஞ்சிப் போய், வினிகர் குடித்து வாந்தி எடுத்துத்தான் எல்லோரும் பிழைத்தார்கள். 1817இல் அவர் விரிவாக எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. உங்கள் மாத்திரை அட்டையில் "10 மி.கி." என்று அச்சடிக்க முடிகிறதே, அது அங்கே தொடங்கியது.

இனி ஆய்வகம். மார்ஃபின் மூலக்கூறு ஐந்து வளையங்கள் பின்னிக்கொண்ட சிக்கு. ராபின்சன் என்ற வேதியியலாளர் அதன் அமைப்பை 1925இல் சொன்னார், கேட்ஸ் என்ற இன்னொரு வேதியியலாளர் 1952இல் செயற்கையாகச் செய்தே காட்டினார். ஆனால் ஏகப்பட்ட படிகள், ஒவ்வொன்றிலும் இழப்பு, கடைசியில் கையில் நிற்பது துளி. 2015இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டினா ஸ்மோல்கி குழுவினர் ஈஸ்ட்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களைப் புகுத்தி, சர்க்கரையிலிருந்து இதே குடும்பத்து வலிமருந்து ஒன்றைத் தயாரித்தார்கள். பிரமாதமான வேலை. ஆனால் அன்றைய நிலையில் ஒரு வேளை மருந்துக்கே ஆயிரக்கணக்கான லிட்டர் ஈஸ்ட் வேண்டியிருந்தது. செடியோ வெயிலையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அதை நாலு மாதத்தில் செய்துவிடுகிறது. எனக்கு இன்றுவரை அந்தச் செடியின் மேல் மரியாதை குறையவில்லை.

ஹங்கேரியில் காபாய் என்பவர் காயைக் கீறவே வேண்டாம், காய்ந்த காயையும் தண்டையும் வைத்தே மார்ஃபின் எடுக்கலாம் என்று வழி கண்டார். இன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் அப்படித்தான் எடுக்கிறார்கள். மார்ஃபினே இல்லாமல், அபினில் இருக்கும் தீபெய்ன் என்ற இன்னொரு பொருளைத் தருகிற ஒரு கசகசாச் செடி ரகமும் அங்கே உண்டு. அபின் வகை மருந்து அளவு மிஞ்சினால் உயிர் காக்கப் போடுகிற நாலாக்ஸோன் ஊசியை அந்தத் தீபெய்னிலிருந்து செய்யலாம். விஷமுறிவும் அதே செடியில்தான்.

மலர், கோவை:

அக்கா, நான் வலி தணிப்புப் பிரிவில் நர்ஸ். அண்ணன் கேட்டதை வாரத்துக்கு நாலு வீட்டில் கேட்கிறேன். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் கொடுத்தால் அடிமையாவது மிக அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. அது வேறு, போதைக்கு ஏங்கி அலைவது வேறு. மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலானவர்களுக்கு வரும், அதற்கு மருந்து தந்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மெதுவாவது, இப்படி எதைக் கண்டாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

1985இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு நிறைய மருத்துவமனைகள் இந்த மாத்திரையை வைத்திருக்கவே பயந்தன. 2014இல் திருத்தம் வந்த பிறகுதான் கொஞ்சம் வழி பிறந்தது. அதற்கு முன்னால் வலியிலேயே போனவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரஹீம், ஷார்ஜா:

கசகசாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரிலிருந்து இங்கே வருகிற யாரும் பெட்டியில் வைக்காதீர்கள். இங்கே தடை, ஒரு பொட்டலத்துக்கே மாட்டிக்கொள்வீர்கள்.

செல்வி, திண்டுக்கல்:

சார், உங்கள் பதிலை அண்ணனுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். வினிகர் கதை வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னான். இன்று ராத்திரி பத்து மணி மாத்திரையை அவனே கொடுத்தான். மலர், மலச்சிக்கலுக்கு மருந்து தரவில்லை, காலையில் டாக்டரிடம் கேட்கிறேன். அம்மா நாலு நாளாக வயிறு கனக்கிறது என்று சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

இலைச்சாறு:

காலைவரை வைக்க வேண்டாம், செல்வி. நாலு நாள் என்றால் இப்போதே அவர்கள் கொடுத்த எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம். மீந்தால் குப்பையில் போடாமல் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.