ஆர்எஸ்ஐ 70-ஐத் தாண்டியதும் விற்பது சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். பங்குகளைத் தேர்ந்தெடுக்க 50 நாள், 200 நாள் நகரும் சராசரிகளையும், வாங்கி விற்கும் நேரத்தை முடிவு செய்ய 14 நாள் ஆர்எஸ்ஐயையும் (விலை மாற்றத்தின் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் குறியீடு; 70-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கப்பட்டதாகக் கருதுவார்கள்) பயன்படுத்தி வருகிறேன். சிக்கல் விற்பதில்தான் வருகிறது. ஆர்எஸ்ஐ 70-ஐத் தாண்டியதும் விற்றுவிடுகிறேன். ஆனால் வலுவான ஏற்றத்தில் உள்ள பங்கு, ஆர்எஸ்ஐ கோடு பல நாட்கள் 70-க்கு மேலேயே நிற்க, தொடர்ந்து உயர்ந்துகொண்டே போகிறது. 1978-இல் வெல்லஸ் வைல்டர் ஆர்எஸ்ஐயுடன் சேர்த்தே அறிமுகப்படுத்திய ஏடிஎக்ஸ் என்ற குறியீடு, விலைப் போக்கின் திசையை அல்லாமல் அதன் வலிமையை அளப்பதால், அது வலுவான போக்கைக் காட்டும் 25-க்கு மேல் இருக்கும்போது 70 என்ற எல்லையைப் பொருட்படுத்தாமல், விலை 20 நாள் சராசரிக்குக் கீழே முடிந்த பிறகே விற்கலாமா என்று யோசிக்கிறேன். எம்ஏசிடி என்ற மற்றொரு குறியீடும் விலைச் சராசரிகளிலிருந்தே பிறப்பதால், அதைச் சேர்ப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இம்முறையைப் பின்பற்றியவர்கள், பக்கவாட்டில் நகரும் சந்தையில் பொய்ச் சமிக்ஞைகளை எப்படி வடிகட்டினீர்கள் என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.