ஸ்டேக்கில் ஸ்விட்ச் எண்ணை மாற்றினால் போர்ட் செட்டிங் எல்லாம் என்ன ஆகும்?

ரேக்மேல்:
வணக்கம் நண்பர்களே. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 நெட்வொர்க் ஸ்விட்ச் மூன்று சேர்ந்து ஒரே ஸ்விட்ச் போல ஓடும் ஒரு ஸ்டேக் புதிதாக என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. வெப் இன்டர்ஃபேஸைத் திறந்தால் ரேக்கில் உச்சியில் இருப்பதை 3 என்றும் அடியில் இருப்பதை 1 என்றும் காட்டுகிறது, நடுவில் இருப்பதற்கு மட்டும் எண் பொருந்துகிறது. மேல் ஸ்விட்சின் ஐந்தாவது போர்ட்டில் விலான் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) மாற்ற வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் முதலில் 1/0/5-ஐத்தான் (முதல் எண் ஸ்விட்ச், கடைசி எண் போர்ட்) தேடுவார்கள், அப்படிச் செய்தால் அடியில் இருக்கிற யாரோ ஒருவருடைய லைன் போய்விடும். இதை வரிசைப்படுத்தியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். எண்ணை மாற்றினால் அந்தந்தப் பெட்டியின் விலான், டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும் லைன்), போர்ட் சேனல் (ஒன்றாகக் கட்டிய பல லைன்கள்) எல்லாம் பெட்டியோடு சேர்ந்து வருமா? ஆக்டிவாக, அதாவது ஸ்டேக்கை நடத்துவதாக, இருப்பதும் அடி ஸ்விட்ச்தான், அதையும் மேலே கொண்டுவர வேண்டும். அப்லிங்க் (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் லைன்) ஒன்று மேலே, ஒன்று அடியில்.

கன்சோல்கேபிள்:
வராது. கான்ஃபிகரேஷன் ஒட்டிக்கொண்டிருப்பது எண்ணோடு, பெட்டியோடு அல்ல. எண் மாற்றும் கமாண்டை அடித்தவுடன் வருகிற எச்சரிக்கையும் இதைத்தான் சொல்கிறது: பழைய எண்ணுக்கு உரிய இன்டர்ஃபேஸ் வரிகள் அப்படியே புரொவிஷன் செய்யப்பட்ட (அந்த எண்ணுக்கென ஒதுக்கி வைத்த) கான்ஃபிகாகக் கிடக்கும். புது எண்ணுக்கு ஏற்கனவே வரிகள் இருந்தால் பெட்டி அவற்றை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் எல்லாப் போர்ட்டும் டிஃபால்ட்டுக்குப் போய்விடும். உங்கள் விஷயத்தில் 1-ம் 3-ம் இடம் மாறுவதால் மேல் ஸ்விட்சுக்கு அடி ஸ்விட்சின் விலான்கள் வந்து உட்காரும், கேபிள்கள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும்.

அதனால் ரன்னிங் கான்ஃபிகை (இப்போது ஓடிக்கொண்டிருக்கும் செட்டிங்கை) ஒரு கோப்பாக வெளியே எடுத்து, அதில் 1/0/ இருக்கும் இடமெல்லாம் 3/0/ என்றும், 3/0/ இருக்கும் இடமெல்லாம் 1/0/ என்றும் மாற்றுங்கள். நேராக மாற்றினால் இரண்டும் கலந்துவிடும், முதலில் 1/0/-ஐ 9/0/ மாதிரி இல்லாத ஓர் எண்ணுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்புறம் மற்றதைத் தொடுங்கள். பலரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. 9300-இல் அப்லிங்க் மாட்யூல் போர்ட்டுகள் 1/1/1, 3/1/1 என்றுதான் வரும், 1/0/ மட்டும் தேடி மாற்றினால் இவை தப்பிவிடும், ஸ்டேக் ஏறி வந்த பிறகு வெளியுலகத்தோடு தொடர்பே இருக்காது. கிகாபிட் 0/0 என்பது மேனேஜ்மென்ட் போர்ட், அதைத் தொட வேண்டாம். ஒன்று 24 போர்ட், இன்னொன்று 48 போர்ட் என்று இருந்தால் புரொவிஷன் வரிகளையும் மாற்றி எழுத வேண்டும்.

திருத்திய கோப்பை ஸ்டார்ட்அப் கான்ஃபிக் (ஸ்விட்ச் ஏறும்போது படிக்கும் செட்டிங்) மேல் காப்பி செய்யுங்கள். ரன்னிங் மேல் செய்தால் பழையதோடு கலக்கும். அடுத்து இரண்டு ஸ்விட்சுக்கும் எண் மாற்றும் ரீநம்பர் கமாண்ட் கொடுத்து மொத்த ஸ்டேக்கையும் ரீலோட் செய்யுங்கள், ஏனென்றால் புது எண்ணை ஸ்டேக்கில் உள்ள வேறொரு மெம்பர் ஸ்விட்ச் அந்த நேரத்தில் வைத்திருந்தால் மாற்றம் எடுபடாது. ரீலோட் கொடுக்கும்போது சேவ் செய்யட்டுமா என்று கேட்டால் கண்டிப்பாக இல்லை என்று சொல்லுங்கள், ஆம் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கான்ஃபிக் நீங்கள் திருத்தி வைத்ததன் மேல் எழுதிவிடும்.

போர்ட்48:
முறை சரிதான், ஆனால் இந்த வேலையே தேவையா என்று யோசியுங்கள். ரீலோட் என்றால் பிஓஇ-யில் (நெட்வொர்க் கேபிள் வழியே வரும் கரண்டில்) ஓடும் ஃபோன், ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் சேர்ந்து அணையும். பெட்டியின் முகப்பில் எண்ணை ஒட்டி, ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் டிஸ்கிரிப்ஷன் எழுதினால் குழப்பம் தீர்ந்துவிடும், வெப் பக்கத்தில் போர்ட் பட்டியலிலும் அந்தப் பெயர் தெரியும். மோட் பட்டனை ஸ்டேக் நிலைக்குக் கொண்டுவந்தால் தன் எண்ணுக்கு உரிய போர்ட் விளக்கு மட்டும் மினுக்கும், எண் ஒட்டும் முன் அதை ஒருமுறை பாருங்கள்.

ஆக்டிவ் விஷயம் தனி. எது ஆக்டிவ் என்று ஸ்விட்சுகள் தங்களுக்குள் நடத்தும் தேர்தலில் பார்க்கும் எண்தான் பிரயாரிட்டி. அது 1 முதல் 15 வரை, டிஃபால்ட் 1, அதிகம் இருப்பது ஜெயிக்கும், எல்லாம் சமமாக இருந்தால் மேக் முகவரி (பெட்டிக்கென உள்ள அடையாள எண்) சிறியது ஜெயிக்கும். மேலே உள்ளதற்கு 15, அடுத்ததற்கு 14 கொடுத்து வையுங்கள். கொடுத்தவுடன் எதுவும் மாறாது, ஓடிக்கொண்டிருக்கும் ஆக்டிவைப் புது பிரயாரிட்டி தள்ளிவிடாது, அடுத்த தேர்தலில்தான் கணக்கில் வரும்.

ரேக்மேல்:
இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை ராத்திரி டவுன்டைம் கிடைத்துவிட்டது, அதனால் வரிசையையே மாற்றிவிடப் போகிறேன். இரண்டு சந்தேகம். இதையெல்லாம் வெப்பிலேயே செய்ய முடியுமா? இப்போது இருக்கும் கான்ஃபிக் பேக்அப்பில் பிரயாரிட்டி வரியே காணோம், ஏன்?

கன்சோல்கேபிள்:
பிரயாரிட்டியும் எண்ணும் ரன்னிங் கான்ஃபிகில் வராது, அந்தந்த ஸ்விட்சுக்குள்ளேயே பதிந்திருக்கும். பேக்அப்பை மட்டும் நம்பி மாற்றுப் பெட்டி ஒன்றை மாட்டினால் இவற்றைக் கையால்தான் கொடுக்க வேண்டும், தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பில் கமாண்ட் அடிக்கத் தனிப் பக்கம் இருக்கிறது, அதில் எக்ஸெக் (கான்ஃபிக் மோடுக்கு வெளியே அடிக்கும் கமாண்ட்) என்பதைத் தேர்ந்துகொண்டு அடிக்கலாம். 9300-இல் ரீநம்பரும் பிரயாரிட்டியும் எக்ஸெக் கமாண்டுகள், பழைய 3750 ஸ்விட்சைப் போல கான்ஃபிக் மோடுக்குள் போய்த் தேட வேண்டாம். ஆனால் ரீலோட் ஆரம்பித்ததும் பிரவுசர் கண்ணை மூடிக்கொள்ளும், கன்சோல் கேபிள் இல்லாமல் இறங்காதீர்கள்.

நெட்ராத்திரி:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மூன்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஏற வேண்டும், தேர்தலுக்கு 120 விநாடி அவகாசம்தான், தாமதமாக வரும் பெட்டி 15 வைத்திருந்தாலும் மெம்பராகத்தான் சேரும். ஸ்டேக் கேபிள் வளையம் முழுதாக இருக்கிறதா என்று முன்னாலேயே ஷோ ஸ்விட்ச் ஸ்டேக்-போர்ட்ஸ் அடித்துப் பாருங்கள், ஒரு கேபிள் போனாலும் ஸ்டேக் ஓடும், ஆனால் அலைவரிசை 480 கிகாபிட்டிலிருந்து பாதியாகியிருக்கும், யாருக்கும் தெரியாது. இன்னொன்று, எப்போதாவது நான்காவது பெட்டி சேர்த்தால் கரண்டை அணைத்து வைத்துக் கேபிளை மாட்டிவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு ஸ்டேக்கை இணைத்தால் தேர்தலில் தோற்ற பக்கம் முழுக்க ரீலோட் ஆகும், எந்தப் பக்கம் தோற்கும் என்பது நீங்கள் நினைத்தபடி இருக்காது.

ரேக்மேல்:
வேலை முடிந்தது. மேலிருந்து 1, 2, 3, ஆக்டிவும் மேலே வந்துவிட்டது. 1/1/ விஷயத்தைச் சொன்னதற்கு கன்சோல்கேபிளுக்குத் தனி நன்றி, அந்த வரிகள் நிஜமாகவே என் முதல் பட்டியலில் இல்லை. மானிட்டரிங்கில் போர்ட் பெயர்களை இன்னும் மாற்றவில்லை, பழைய கிராஃப் எல்லாம் வேறு பெட்டியைக் காட்டுகிறது, அதை இன்று பார்க்கிறேன்.