மறு: மறு: ‘ஓர்டன்’ வேறு, பதக்கம் வேறு, சொல் வேண்டும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

‘ஓர்டன்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குத் தமிழில் நான் கேட்டது ஒரே ஒரு சொல். வந்த மடல்கள் பதினேழு. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிக்கலை இன்னொரு முறை சொல்கிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜெர்மன் ராணுவ விருதுகளைச் சேகரிப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டது. ஜெர்மானியர்கள் இவற்றை ‘ஓர்டன்’ என்றும் ‘ஏரென்ட்சைஷென்’ (மதிப்புச் சின்னம், அதாவது பதக்கம் போன்றவை) என்றும் பிரித்துத்தான் பேசுவார்கள். 1957-இல் அவர்கள் போட்ட சட்டத்தின் பெயரிலேயே இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. நாம் இரண்டையும் ‘பதக்கம்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

ஓர்டன் என்றால் முதலில் பொருளே கிடையாது, ஆட்கள். சிலுவைப்போர்க் காலத்து டியூட்டானிக் ஓர்டன் போல, நோன்பு ஏற்றுக் கூடி வாழ்ந்த வீரர் சங்கம். அதில் சேர்ந்தவர் உடையில் தரித்த குறிக்கும் நாளடைவில் அதே பெயர் வந்துவிட்டது. பிற்காலத்து ஜெர்மன் மன்னர்கள் ஏற்படுத்தியவற்றிலும், அதாவது 1736-இல் சாக்சனியின் புனித ஹென்றி ஓர்டன், 1740-இல் பிரஷ்யாவின் பூர் ல மெரிட் ஆகியவற்றிலும், ஒருவர் ‘பெறுகிறார்’ என்பதைவிட ‘சேர்கிறார்’ என்பதே கருத்து. பல ஓர்டன்களில் உறுப்பினர் இறந்தால் சின்னத்தைக் குடும்பத்தார் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பதக்கத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் ஏலப் பட்டியலைப் படித்தால், ஒரு பொருள் ஏன் அரிது, ஒன்று ஏன் கூடை கூடையாகக் கிடைக்கிறது என்பதே புரியாது.

இனி, வந்த யோசனைகள்.

> ‘மாராயம்’ என்றே வைக்கலாமே. தொல்காப்பியமே தருகிறது.

புலவர் ஐயா, உங்கள் மடலைப் படித்துவிட்டு அன்று இரவு வேறு வேலை ஓடவில்லை. ஏனாதி என்ற பட்டத்தோடு மோதிரம், எட்டிப் பட்டத்தோடு பொற்பூ. பட்டமும் பொருளும் ஒன்றாகவே வருவதில் நம் மரபு ஓர்டனுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் மாராயம் என்பது மன்னன் செய்யும் சிறப்பு. கையில் எடுத்துப் பார்க்கும் பொருளையும் அது சொல்லவில்லை, அதைப் பெற்றவர்களின் கூட்டத்தையும் சொல்லவில்லை. அப்புறம், நூறு பக்கக் கையேட்டில் இருநூறு இடத்தில் வரும் சொல்லுக்கு வாசகர் ஒவ்வொரு தடவையும் அடிக்குறிப்புக்கு இறங்க முடியாது.

> ‘விருது’ போதாதா? எளிமையாக இருக்கிறதே.

போதும், ஆனால் வேறு இடத்துக்கு. ஓர்டன், சிலுவை, பதக்கம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குடைச்சொல் வேண்டும். விருது அங்கே நிற்கட்டும்.

என் முன்மொழிவு: விருதணி.

காரணம் ‘அணி’தான். அணி என்றால் நகை, அணி என்றால் கூட்டம், வரிசை. ஓர்டன் என்ற சொல் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு நடந்து வந்து சேர்ந்த இரண்டு பொருளும் தமிழில் ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. இப்படி ஒரு சொல் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் விடக்கூடாது.

> அணி என்றதும் எனக்கு இளைஞர் அணி, மகளிர் அணி, இந்திய அணிதான் ஞாபகம் வருகிறது.

அக்கா, எனக்கும் வருகிறது. அதனால்தான் வெறும் அணியாக விடாமல் விருதை முன்னால் ஒட்டினேன். ‘நீல எனாமல் பூசிய விருதணி’ என்று எழுதினால் யாரும் கிரிக்கெட்டை நினைக்க மாட்டார்கள். ஆனால் துறையின் பெயரை ‘அணியியல்’ ஆக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதற்கு மட்டும் நான் வரவில்லை. உவமையும் உருவகமும் வந்து நின்றுவிடும். துறை பதக்கவியலாகவே இருக்கட்டும், நாணயவியலுக்குப் பக்கத்து வீடு மாதிரி.

அடுத்தது ‘ஆப்ட்சைஷென்’. நாடா இல்லாமல் ஊசியால் சட்டையில் குத்துவது. நாணயக்கார அண்ணன் இதற்கு ‘வில்லை’ என்றார். அருமை. டவாலிச் சேவகர் மார்பில் பளபளத்த பித்தளை வில்லையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஒரே ஒரு கஷ்டம். 1918 மார்ச்சில் ஜெர்மன் தரைப்படைக்கு ஏற்படுத்திய சின்னம் ஒன்று உண்டு. ஒன்றிரண்டு முறை காயம்பட்டவருக்குக் கறுப்பு, மூன்று நான்கு முறைக்கு வெள்ளி நிறம், ஐந்துக்கு மேல் போனால் பொன்னிறம். இதை நான் ‘காயவில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துவிட்டு “என்ன காயவில்லை, துணியா?” என்றார்கள். ஆகவே ‘விழுப்புண் வில்லை’. விழுப்புண் மார்பிலோ முகத்திலோ பட்ட புண்ணுக்குத்தான் பொருந்தும், குண்டுச் சிதறல் முன்பின் பார்க்காது என்று புலவர் ஐயா நிச்சயம் எழுதுவார். தெரிந்தேதான் வைத்திருக்கிறேன் ஐயா.

நகைத்தொழில் சொற்களுக்கு வருவோம். என்னிடம் 1914-ஆம் ஆண்டு இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு, ஒன்று இருக்கிறது. இதை எழுதும்போதும் மேசையில்தான் கிடக்கிறது. அகலம் 42 மில்லிமீட்டர் வரும். நடுவில் கறுப்பு வார்ப்பிரும்புத் தகடு, அதைச் சுற்றி வெள்ளிச் சட்டம். முன்பக்கம் மேலே கிரீடம், நடுவில் வில்லெல்ம் மன்னரின் முதலெழுத்து, கீழே 1914. திருப்பினால் ஓக்கிலைக் கொத்தும் 1813-உம். அந்த 1813 பலரை ஏமாற்றியிருக்கிறது. அது செய்த ஆண்டு இல்லை, முதன்முதலில் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெட்ரிக் வில்லெல்ம் இதை ஏற்படுத்திய ஆண்டு. நெப்போலியனை எதிர்த்துப் போர், கஜானா காலி, பெண்கள் பொன் நகையைக் கொடுத்து இரும்பு நகையை வாங்கிக்கொண்ட காலம். அதனால்தான் விருதும் இரும்பு. அதன் பின் 1870, 1914, 1939 என மூன்று முறை புதுப்பித்தார்கள்.

உருப்பெருக்கி வைத்து ஓரத்தைப் பார்த்தால், சட்டத்தின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறது. அப்பா பொற்கொல்லர் என்று எழுதிய கோவைத் தம்பி, அதைப் ‘பற்றாசுக் கோடு’ என்றார் (பற்றாசு என்றால் உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் பொடி). அப்படியே எடுத்துக்கொண்டேன். உள்தகடு, வெள்ளிச் சட்டம், சட்டத்தில் மணிமணியாக ஓடும் முத்து விளிம்பு, பற்றாசுக் கோடு: இந்த நான்கும் இருந்தால் ஓர் இரும்புச் சிலுவையைத் தமிழிலேயே பரிசோதித்துவிடலாம். இதற்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கியது மொத்தமும் ஒரே வார்ப்பு. சட்டம் மாதிரித் தெரிந்தது வெறும் வெள்ளிப் பூச்சு. பற்றாசுக் கோடு என்ற சொல் அன்றைக்கே தெரிந்திருந்தால் படத்தை இன்னொன்று அனுப்பச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

வளையத்தில் குத்தியிருக்கும் குறிக்கும் அதே தம்பி தந்த ‘பட்டறை முத்திரை’தான். 800 என்று இருந்தால் அது பட்டறையைக் குறிப்பதில்லை, ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி என்று பொருள். அதற்குத் ‘தர முத்திரை’ என்று தனியாக வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சொல் வருகிறது. விருதைப் பெற்றவர், தொலைந்தாலோ எனாமல் உதிர்ந்தாலோ நகைக்கடையில் இன்னொன்று வாங்கி அணிவது அங்கே சாதாரணம். அது போலி கிடையாது. அதே காலத்தது, பல சமயம் வழங்கியதைவிட நேர்த்தியானது. பூர் ல மெரிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1916 இறுதியில் தங்கம் மிச்சப்படுத்த வேண்டும் என்று அரசு, தங்கத்துக்குப் பதில் பொன்முலாம் பூசிய வெள்ளியில் செய்து கொடுக்க ஆரம்பித்தது. வசதியுள்ள அதிகாரிகள் அணிவதற்கென்று தனியாகச் செய்து வைத்துக்கொண்டார்கள். இதற்கு ‘மாற்றுப்படி’, ‘இரட்டைப்படி’ என்றெல்லாம் யோசனை வந்தது. அக்கா போகிறபோக்கில் எழுதியது: ‘கைக்காசுப் படி’. அவ்வளவுதான், விவாதம் முடிந்தது. 1941-க்குப் பிறகு இது முத்திரையிலேயே தெரியும். அரசு கொள்முதல் செய்ததில் வெறும் எண், கடை விற்பனைக்குச் செய்ததில் ‘எல்’ எழுத்தோடு ஓர் எண். முன்னது வழங்கற்படி, பின்னது கைக்காசுப் படி. ஏமாற்றுவதற்காகப் பிற்காலத்தில் செய்தது மட்டுமே போலி.

> 1939 சிலுவையில் இருப்பதை ஸ்வஸ்திகா என்று எழுதலாமா? என் மளிகைக்கடைக் கணக்குப் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது.

வேண்டாம். ஜெர்மானியர்களே அதை ஸ்வஸ்திகா என்று சொல்வதில்லை, அவர்கள் சொல் ‘ஹாக்கென்க்ராய்ட்ஸ்’, கொக்கிச் சிலுவை. நாமும் நாஜிக் குறிக்குக் ‘கொக்கிச் சிலுவை’ என்றே எழுதினால் கணக்குப் புத்தகமும் பிழைக்கும், வரலாறும் மங்காது. அங்கே அதைப் பொதுவில் காட்டுவது குற்றம். ஏலப் பட்டியல் படங்களில் அந்த இடத்தை மறைத்திருப்பார்கள். 1957 சட்டம் பழைய வீரர்களை அணிய அனுமதித்தது, ஆனால் கொக்கிச் சிலுவை இல்லாமல். அதனால் 1939 என்ற ஆண்டோடு நடுவில் ஓக்கிலை உள்ள சிலுவையைப் பார்த்தால் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது ‘1957 வடிவம்’.

சிறப்புப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. பூர் ல மெரிட் பிரஷ்யாவிலேயே பிரெஞ்சுப் பெயரோடுதான் வாழ்ந்தது, நாம் ஏன் அதைத் ‘தகுதிக்காக’ என்று மாற்ற வேண்டும்? ஜெர்மன் பெயர் தமிழில் ஒட்டாது என்பவர்களுக்கு ஒரு சான்று: 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கிவிட்டுப் போன கப்பலின் பெயர், ‘அவன் சரியான எம்டன்’ என்று நம் வாயில் நூறு வருடமாகப் புழங்குகிறது. அதன் கேப்டன் ஃபான் முல்லருக்கு இரும்புச் சிலுவை முதல் வகுப்பும், 1918-இல் பூர் ல மெரிட்டும் கிடைத்தன. அவரும் ஒரு விருதணிக்காரர்தான்.

ஓக் மரத்தைக் கருவாலி என்பதா, ஓக் என்றே விடுவதா என்பதில் நான் ஓக் பக்கம். சண்டைக்கு நேரமில்லை.

பல பதக்கங்களை ஒரே பட்டையில் மடித்த நாடாக்களோடு தைத்து அணிவதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. 1871-இல் ஜெர்மனி ஒன்றான பிறகும் அங்கே ஒவ்வொரு உறுப்பு அரசும் தனித்தனியாகத்தான் விருது கொடுத்துவந்தது. பட்டையில் இரும்புச் சிலுவைக்கு அடுத்துப் பவேரியாவின் ராணுவத் தகுதிச் சிலுவை இருந்தால் ஆள் எந்தப் பக்கத்தவர் என்று ஊகிக்கலாம். ஹாம்பர்க்கின் சிவப்பு எனாமல் சிலுவை இருந்தால் கதை வேறு. ஒரு மனிதனின் போர்க்காலம் முழுக்க ஒரு சாண் துணியில் கோத்திருக்கும். ‘பதக்கக் கோவை’ என்கிறேன். மறுப்பு உண்டா?

அன்புடன்,
மடல் தொடங்கியவன்

————

தம்பி,

மாராயத்தைக் கைவிட்டதில் வருத்தம்தான். இருந்தாலும் ‘ஒருவர் சேர்கிறார்’ என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் நான் அகப்பட்டுக்கொண்டேன். அப்படியானால் சேர்ந்தவருக்குப் பெயர் வேண்டாமா? ‘விருதணிக்காரர்’ வளையல்காரர் மாதிரி இருக்கிறது. விருதணியர் என்று எழுதுங்கள். இறந்தபின் திருப்பித் தருவது ‘விருதணி மீளளிப்பு’. விழுப்புண் பற்றி நான் என்ன எழுதுவேன் என்பதை நீங்களே எழுதிவிட்டதால் எனக்கு வேலை மிச்சம்.

பதக்கக் கோவைக்கு மறுப்பில்லை.

————

ஐயா, விருதணியர் கையேட்டில் ஏறிவிட்டது. ஃபான் முல்லரையும் திருத்திவிட்டேன்.