கருங்கல் சுவருக்குள் போடும் சக்கை: உங்கள் அனுபவம் என்ன?

தர்மபுரிப் பக்கம் வீட்டு அஸ்திவாரம் என்றால் இன்னமும் பெரும்பாலும் கருங்கல்தான். இரண்டு பக்கமும் நூல் பிடித்து முகக்கல், அதாவது சுவரின் வெளிமுகமாக நிற்கும் கல், வைப்பார்கள். நடுவில் விழும் இடைவெளிக்குச் சக்கை, அதாவது பெரிய கல்லை உடைக்கும்போது விழும் துண்டுகள். முகக்கல்லுக்கு இருக்கும் கவனம் சக்கைக்கு வந்ததும் காணாமல் போய்விடுகிறது. சித்தாள் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போவார், மேலே நாலு கரண்டி கலவை, முடிந்தது. இதனால் யாருக்காவது பிரச்சினை வந்திருக்கிறதா?

*

வந்தது சார். எங்கள் காம்பவுண்டு சுவருக்கு உள்பக்கம் மண் நிரப்பியிருந்தோம். ஐப்பசி மழையில் தெருப்பக்க முகம் வயிறு தள்ள ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கலவையே படாத சக்கை, கிரஷர் தூசி, காலி சிமெண்ட் சாக்கு ஒன்று, உடைந்த டீ கிளாஸ். முன்கல்லுக்கும் பின்கல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கான்ட்ராக்டர் "இந்த வருஷம் மழை ஜாஸ்தி சார்" என்றார். சாக்கை மழையா கொண்டுவந்து போட்டது?

*

மகாராஷ்டிராவில் லாத்தூர் பக்கம் பழைய வீடுகளை ஆய்வு செய்யும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் கில்லாரி நிலநடுக்கம் வந்த இடம். ரிக்டர் அளவு ஆறை ஒட்டித்தான், ஆனால் எட்டாயிரம் பேர் வரை செத்துப்போனார்கள். அந்த வீடுகளின் சுவர் இரண்டடிக்கும் மேல் தடிமன். பார்க்கக் கோட்டை மாதிரி இருக்கும். உள்ளே இருந்ததோ இரண்டு தனித்தனிச் சுவர்கள், நடுவில் சக்கையும் மண்ணும். ஆட்டம் கண்டதும் முகங்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தன, தலைக்கு மேல் இருந்த கனமான மண் கூரை அப்படியே இறங்கிவிட்டது.

அப்புறம் பலப்படுத்திய சுவர்களில் அங்கங்கே கையகல சிமெண்ட் பொட்டு தெரியும். கல்லைப் பெயர்த்து மறுபக்கம் வரை துளை போட்டு, இரண்டு முகத்தையும் பிணைக்கக் கொக்கி வளைத்த கம்பியை நுழைத்துக் கான்கிரீட் அடைத்திருப்பார்கள். கட்டும்போதே இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை நீளும் கல்லை வைத்திருந்தால் இந்த வேலையே வேண்டாம். நம் சைட்டில் அதற்குப் பெயர் பாண்டு கல். நிலநடுக்கப் பகுதிகளுக்கான இந்தியத் தரவிதிப்படி உயரத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை, அந்த வரிசையில் 1.2 மீட்டருக்குள் ஒன்று வேண்டும். சுவரின் தடிமனும் 45 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

சக்கையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடுவிலும் நல்ல கல்லாகவே கலவையில் உட்கார வைத்து, மிச்சச் சந்துக்கு மட்டும் சக்கையைச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறை விதியில் அது மொத்தக் கல்லில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நான் சைட்டுக்குப் போனால் முந்தின நாள் கட்டிய சுவரின் தலையில் காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்வேன். தேங்கி நின்றால் சரி. குடுகுடுவென்று உள்ளே இறங்கினால் அந்தக் கல் வரிசையைப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள், மேஸ்திரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.