குளத்து மீத்தேன் லேசர்: வெயில் ஏறினால் அளவு ஊசலாடுகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வேலை. கழிவுநீர்க் குளத்தின் ஒரு கரையில் மீத்தேன் வாயுவை அளக்கும் 1653.7 நானோமீட்டர் லேசர், எதிர்க்கரையில் ஒளியைத் திருப்பும் கண்ணாடி, இடையே 50 மீட்டர். விடியற்காலையில் அளவு அசையாமல் நிற்கிறது. பதினொரு மணி வெயிலுக்குப் பிறகு 60 பிபிஎம்-மீட்டருக்கும் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு மீத்தேன் என்பதை மீட்டர் தூரத்தால் பெருக்கியது) 340க்கும் இடையே கால் மணிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. குளம் அப்படித்தான் குமிழியிடும் என்கிறார் மேலாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டேன், திரும்பி வரும் ஒளியும் பலமாகத்தான் இருக்கிறது.

பதில்:
தம்பி, அந்த 60ஐப் பாருங்கள். சுத்தமான காற்றிலேயே மீத்தேன் சுமார் 1.9 பிபிஎம். 50 மீட்டருக்கு 95 வந்துவிடும். குளம் என்ன செய்தாலும் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. கோளாறு கருவியில்தான். லேசருக்கு முன்னால் தட்டைக் கண்ணாடித் தகடு ஏதாவது மாட்டினீர்களா?

கேட்டவர்:
ஆமாம் அண்ணே. லென்ஸில் பிசுக்கு படியாமலிருக்க 4 செ.மீ. தள்ளி, அலுமினியச் சட்டத்தில் ஒன்று.

பதில்:
அதுதான். லென்ஸுக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவே ஒளி கொஞ்சம் முன்னும் பின்னும் தெறித்து, நேராகப் போகும் ஒளியோடு குறுக்கிடுகிறது. 95 பிபிஎம்-மீட்டர் மீத்தேன் விழுங்குவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் சின்னத் தெறிப்பே போதும். இடைவெளி 0.8 மைக்ரோமீட்டர் மாறினால் ஒரு முழு ஏற்ற இறக்கம். 4 செ.மீ. அலுமினியம் 10 டிகிரி சூட்டில் 9 மைக்ரோமீட்டர் நீளும். உங்கள் கால் மணிக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதா? 4 செ.மீ. இன்னும் மோசமான தூரம். அதில் உண்டாகும் அலையின் அகலம் மீத்தேன் கோட்டின் (அது ஒளியை விழுங்கும் குறுகிய அலைநீளப் பட்டையின்) அகலத்தை ஒட்டியே இருப்பதால், கருவி இதையும் வாயு என்றே எண்ணிவிடுகிறது.

முதலில் எதிர்க் கண்ணாடியை குளத்திலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கம் லேசரிலிருந்து 1 மீட்டரில் வைத்துப் பாருங்கள். அளவு 2 காட்ட வேண்டும். அங்கேயும் ஆடினால் தகட்டைச் சாய்த்து மாட்டுங்கள். ஆப்பு வடிவக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது.

வேறொருவர்:
ஒன்று சொல்லியே ஆகணும். இந்த லேசருக்கு மீத்தேன் மட்டும்தான் தெரியும். அதே குளத்திலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். அழுகிய முட்டை வாடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். சட்டையில் மாட்டும் அலாரம் இல்லாமல் கரைக்குப் போகாதீர்கள்.

கேட்டவர்:
1 மீட்டரிலும் ஆடியது அண்ணே! தகட்டை 5 டிகிரி சாய்த்து, எதிர்க் கண்ணாடியைப் பழைய இடத்திலேயே வைத்தேன். மூன்று நாள் மதியம் உட்கார்ந்து பார்த்தேன், 100க்குக் கீழே ஒருமுறையும் போகவில்லை. காற்று திரும்பும்போது 180 வரை ஏறுகிறது, அது குளத்துடையது. மேலாளரிடம் சாய்ப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வரைபடத்தையும் காட்டினேன். அலாரம் கேட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கரையில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு கேட்டிருக்கிறேன்.